எல்லாப் பேரரசிலும் மண்டியிட்டவர்

அவரை நான் முதலில் பார்த்தது தரையில். மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு துணிக்கடை வாசல். அவருடைய சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த டிஸ்டெம்பர் வாளி சரிந்து, கடைக்காரர் வெளியே அடுக்கி வைத்திருந்த புடவைக் கட்டின் மேல் அத்தனை வெள்ளையும் கொட்டிவிட்டது. கடைக்காரர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். சந்தில் நின்ற ஸ்கூட்டர்காரர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாரானார்கள். நானும்தான். அடி விழும், இல்லையென்றால் போலீஸ் வரும் என்று நினைத்தேன்.

இரண்டும் இல்லை. அந்த மனிதர் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு, கொட்டிக் கிடந்த வெள்ளையிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கடைக்காரரின் பாதங்களைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. கெஞ்சவில்லை. களைத்து வந்தவன் கட்டிலில் சாய்வதைப் போல அத்தனை சுலபமாக விழுந்தார்.

ஓங்கிய கை காற்றிலேயே நின்றது. அதை எங்கே இறக்குவது என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. கடைசியில் அதே கையால் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, உள்ளே இருந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எழுந்த மனிதருக்கு மார்பிலிருந்து முழங்கால் வரை வெள்ளை. தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு, பக்கத்தில் வாயைப் பிளந்து நின்ற என்னிடம் செம்பை நீட்டினார்.

"குடிங்க தம்பி. எம்மேல பெயிண்டு கொட்டுச்சு, உங்க மூஞ்சி வெளுத்துக் கெடக்குதுங்க."

வெளுத்துத்தான் போயிருந்தது. நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். லாரி கிளீனர், திருப்பூர் சாயப்பட்டறை, குடகில் காப்பிப் பழம் பறிப்பது என்று கால் போன பக்கமெல்லாம் போனவன். அடி வாங்கியிருக்கிறேன், சோறில்லாமல் பஸ் நிலையத்தில் படுத்திருக்கிறேன். ஆனால் யார் காலிலும் விழுந்ததில்லை. கௌரவம் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தோன்றியதில்லை. ஒரு முழு மனிதர் அவ்வளவு எளிதாகத் தரைக்குப் போய், அவ்வளவு எளிதாகத் திரும்பி வந்ததைப் பார்த்த அதிர்ச்சி போக எனக்கு வெகுநேரம் ஆயிற்று. போவதற்குள் அவர் எனக்கு வேலை பிடித்துக் கொடுத்துவிட்டார்.

வேலை ஒரு ஷெட்டில். தசரா ஊர்வலத்தில் யானைகளுக்கு முன்னால் வரிசையாகப் போகுமே, அந்த அலங்கார வண்டிகளைச் செய்கிற இடம். டிராக்டர் இழுக்கும் நீளமான டிரெய்லரின் மேல் மரச்சட்டம் அடித்து, தெர்மாகோலில் கோபுரமும் ஃபைபரில் யானையும் செய்து நிறுத்துவோம். ஏதாவது ஒரு ஜில்லாக்காரர்கள் ஆர்டர் கொடுப்பார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரு பழைய சாம்ராஜ்யம்தான். ஒரு வருஷம் கதம்பர், ஒரு வருஷம் கங்கர், ஒரு வருஷம் சாளுக்கியர். ஷெட்டுக்காரருக்கு எல்லாம் ஒன்றுதான். போன வருஷத்துத் தூணில் இரண்டு வளையத்தைக் கூட்டினால் இந்த வருஷத்துத் தூண். யானைக்கு நிறம் மாற்றினால் வேறு ராஜாவின் யானை. நான் ராஷ்டிரகூடர் காலத்து நந்தியின் வயிற்றுக்கடியில் கோணியை விரித்துத் தூங்குவேன். மழைக்கு ஒழுகாத இடம் அது ஒன்றுதான்.

வண்டியின் மேல் பொம்மைகள் மட்டும் போதாது, அசையாமல் நிற்கிற ஆட்களும் வேண்டும். ராஜா, மந்திரி, நாட்டியக்காரி, சிப்பாய்கள். ராஜாவுக்கு ஒவ்வொரு வருஷமும் உயரமான ஒரு ஆளை வெளியிலிருந்து பிடித்து வருவார்கள். ராஜா இருந்தால் அவனிடம் தோற்றவன் ஒருவன் வேண்டுமில்லையா? அதற்கு மட்டும் எப்போதும் ஒரே ஆள். என்னைக் கூட்டி வந்த இவர்தான்.

கங்கர் வண்டியில் குடையைப் பறிகொடுத்துக் குனிந்து நின்றவர் இவர். சாளுக்கியர் வண்டியில் ராஜாவின் குதிரைக் குளம்படியில் கிடந்தவர் இவர். ஹொய்சளர் வண்டியில் தோற்ற ராஜா யாரும் தேவைப்படவில்லை. அவர்களுடைய முத்திரையில் வீரன் ஒருவன் ஒரு மிருகத்தைக் குத்துகிறான். கம்பளியும் சணலும் தைத்துப் போட்டுக்கொண்டு அந்த மிருகமாகவும் இவரே நின்றிருக்கிறார். ஷெட்டில் எல்லோருக்கும் அவர் 'தோத்த ராஜா'. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மளிகைக் கடையில்கூட அப்படித்தான்.

மற்ற நாட்களில் வீடுகளுக்கு வெள்ளையடிப்பார். கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர்ப் பக்கத்து ஆள். வாய்க்கு வாய் 'ங்க' போடுவார். ஷெட்டில் திரிந்த நாய்க்குட்டியைக்கூட 'வாங்க, இப்படி வாங்க' என்றுதான் கூப்பிடுவார். முதல் வாரம் அவர் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. உயிருள்ள எதையும் தன்னைவிட ஒரு படி மேலே வைத்துத்தான் அவருக்குப் பேச வரும்.

மண்டியிடுவதில் அவருக்குத் தெரியாதது இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டால் செய்து காட்டுவார். கோட்டை விழுந்த பிறகு மண்டியிடுகிறவனுக்கு ஒரு முழங்கால் தரையில், ஒன்று தூக்கினாற்போல. மகளைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ள வந்தவனுக்கு இரண்டு முழங்காலும் தரையில், ஆனால் கைகள் தொடையில். கப்பம் கட்ட வந்த சிற்றரசனுக்கு முதுகு மட்டும் வளையும், கழுத்து வளையாது. உயிரை மட்டும் கேட்கிறவனுக்கு நெற்றி தரையில். ஒவ்வொன்றையும் செய்து காட்டும்போது முகமே வேறாகிவிடும். கடைசி வகையைச் செய்து காட்டியபோது ஷெட்டில் சிரித்துக்கொண்டிருந்த தச்சர்கள் நிறுத்திவிட்டார்கள். பிசின் வாளி கையிலிருந்து நழுவியதை நான் கவனிக்கவில்லை.

இதையெல்லாம் எங்கே கற்றார் என்று கேட்டேன். கற்கவெல்லாம் இல்லை என்றார். வாடகை வீட்டுக்காரர், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி வார்டு பாய், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு மாதிரி குனிய வேண்டியிருந்தது. அதையே கொஞ்சம் மெதுவாகச் செய்தால் சாம்ராஜ்யம் ஆகிவிடுகிறது என்றார். வெட்கமாக இல்லையா என்று நான் கேட்டுவிட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நான் சரியா தோத்தாத்தானுங்க அவுரு ராஜா. நான் நெளிஞ்சா அவுரு வெறும் தலைப்பாகைங்க."

அவருடைய மனைவி ஊதுவத்தி உருட்டுகிறவர். விரல் நுனியெல்லாம் எப்போதும் கருப்பு. புருஷனைப் பற்றிப் பேச்செடுத்தால் நாக்கில் முள் வைத்துப் பேசுவார். தாலி கட்டக் குனிந்த மனுஷன் இன்னும் நிமிரவில்லை என்பார். பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்தால்கூடக் கும்பிட்டு வாங்குகிறார் என்பார். அதைச் சொல்லும்போதே அவருடைய தட்டில் ஒரு கரண்டிக் குழம்பு கூட ஊற்றுவார். ஒரே மகள், பி.யூ.சி. இரண்டாம் வருஷம், நம் ஊர் பிளஸ் டூ. தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்குச் சுலபம். ஷெட்டின் மேற்கு மூலையில் தகரம் போட்ட ஓர் அறை, அதில் மூவரும். அறை ஷெட்டுக்காரருடையது. அவரை எல்லோரும் 'கான்ட்ராக்டர்' என்போம். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவராம். வீட்டில் தமிழ்தான். ஆனால் அந்தத் தமிழில் பாதி கன்னடம்.

அந்த வருஷம் தசராவுக்கு முன்பே கான்ட்ராக்டர் ஒரு செய்தி சொல்லிவிட்டார். தெர்மாகோலைத் தானாகச் செதுக்கும் கம்ப்யூட்டர் மெஷின் வரப்போகிறது. அதை வைக்க மேற்கு மூலைதான் தோது. தகர அறையை எடுத்துவிட வேண்டும்.

மகளின் காலேஜ் நடக்கிற தூரத்தில். வெளியே ஓர் அறைக்குக் கேட்கிற அட்வான்ஸை இவர்கள் கனவில்கூடப் பார்த்ததில்லை. ஹனூர்ப் பக்கம் திரும்பிப் போனால் படிப்பு அதோடு சரி, அடுத்த வைகாசிக்குள் கல்யாணம் செய்துவிடுவார்கள் என்று மனைவி என்னிடம் சொன்னார். மகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவர் வழக்கமானதைச் செய்தார். நேராகப் போய்க் கான்ட்ராக்டர் காலில் விழுந்தார். நானும் கூடப் போயிருந்தேன். கான்ட்ராக்டர் போனில் யாரிடமோ பெயிண்ட் விலை பேசிக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு ஆள் கிடக்கிறார். அவர் பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே ஒரு எட்டு நகர்ந்து நின்றார், வழியில் பை கிடந்தால் நகர்வோமே, அப்படி. மண்டி மொஹல்லாவில் ஓங்கிய கையை நிறுத்திய அதே விழுதல்தான். தினமும் பார்த்துப் பார்த்து இங்கே அதற்கு மதிப்பு இல்லாமல் போயிருந்தது.

இவர் எழுந்து என் பக்கம் திரும்பியபோது முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. கோபம் என்று சொல்ல முடியாது. கைக்கு எட்டிய இடத்தில் எப்போதும் இருக்கிற சாமான் காணாமல் போனால் ஒருவன் எப்படிப் பார்ப்பான், அந்தப் பார்வை.

போனை வைத்த பிறகு கான்ட்ராக்டர் ஒன்று சொன்னார். இந்த வருஷம் வண்டிக்கு முதல் பரிசு வந்தால் அடுத்த வருஷம் ஆர்டர் கூடும். பக்கத்துக் காலி மனையையும் வாடகைக்கு எடுக்கலாம். அப்போது மெஷினை அங்கே வைத்துவிட்டு அறையை விட்டுவிடலாம்.

அந்த வருஷத்து ஆர்டர் விஜயநகரம். வண்டி மூன்று பாகம். முன்னால், நாய்களைத் திரும்பித் துரத்துகிற ஒரு முயல். சாம்ராஜ்யத்தை ஆரம்பித்தவர்கள் காட்டில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் அந்த இடத்தில் தலைநகரம் கட்டினார்களாம். நடுவில், படிப்படியாக உயர்ந்த நவராத்திரி மேடை. அதன் மேல் ராஜா. கீழே தட்டினால் இசை வருகிற கல் தூண்கள், தெருவில் குவித்து வைத்து விற்கிற ரத்தினங்கள், நாட்டியக்காரிகள். கடைசியில் மைசூர் யானையும் அம்பாரியும். ரத்தினத்துக்குக் கண்ணாடி வளையல்களை உடைத்துப் பசையில் ஒட்டினோம். என் விரல்களில் அந்தக் கீறல்கள் ரொம்ப நாள் இருந்தன.

விஜயநகர வண்டியின் வாலில் மைசூர் யானை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அறிவிப்பாளர் படிக்க வேண்டிய கன்னடக் குறிப்பை மகள் எங்களுக்குப் படித்துச் சொன்னாள். இந்தத் தசராவே அங்கிருந்து வந்ததுதானாம். ஹம்பியில் ஒன்பது நாள் அந்த மேடையில் ராஜா உட்கார்ந்திருப்பார். சுற்றுப்பட்ட சிற்றரசர்கள் வந்து வணங்கிக் கப்பம் வைப்பார்கள். சாம்ராஜ்யம் சரிந்த பிறகு, மைசூர்க்காரர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்து அதே ஒன்பது நாளை அங்கே கொண்டாட ஆரம்பித்தார்கள். அப்புறம் அது மைசூருக்கு வந்தது.

இவர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப மைசூர்க்காரங்க அதுக்கு முன்ன யாருங்கம்மிணி?" என்று கேட்டார்.

"அவுங்களும் சிற்றரசர்தானப்பா. விஜயநகரத்துக்குக் கீழ இருந்தோரு."

"அங்க குனிஞ்சு நின்னவீங்கதான் இங்க வந்து மேல உக்காந்தாங்களா?"

"ஹௌது," என்று தலையாட்டினாள்.

இவர் பிரஷ்ஷை வாளியில் போட்டார்.

ராஜா வேஷத்துக்கு ஒரு உடற்பயிற்சிக் கூடத்து இளைஞனைப் பேசி வைத்திருந்தார்கள். ஊர்வலத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவனுக்கு டெங்கு. புதிய ஆளைத் தேடிப் பழக்க நேரமில்லை. அந்த டிரெய்லரின் குலுக்கலில் அசையாமல் நிற்கத் தெரிந்தவர் ஷெட்டில் ஒருவர்தான். கான்ட்ராக்டர் இவருடைய தலையில் கிரீடத்தை வைத்தார். தோற்றவன் இடம் காலியாயிற்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தோற்றவன் இரண்டு கையும் இரண்டு முழங்காலும் ஊன்றி நிற்க வேண்டும், ராஜா அவன் முதுகில் ஒரு காலை வைத்து நிற்பார். எந்த ராஜாவாவது நிஜமாக அப்படி நின்றானா என்று எனக்குத் தெரியாது. குறிப்பில் அப்படி இல்லை. ஏதோ ஓவியத்தில் பார்த்ததாகக் கான்ட்ராக்டர் சொன்னார்.

ஒத்திகையில் இவரை ஏற்றி நிறுத்தினோம். மீசை இருந்தது, நகை இருந்தது, பட்டு இருந்தது. ராஜாவை மட்டும் காணோம். தலை தானாக முன்னால் சாய்ந்தது. தூக்கச் சொன்னால் தூக்குவார், கை தட்டி முடிப்பதற்குள் இறங்கிவிடும். தாடைக்குக் கீழே மூங்கில் குச்சி கொடுத்துப் பார்த்தார்கள். குச்சியை எடுத்ததும் மறுபடி இறங்கியது. காலை என் முதுகில் வைத்திருந்தார் என்றுதான் பெயர், தாங்கல் முழுக்க மற்றக் காலில். என் முதுகில் ஒரு துண்டு போட்ட கனம்கூட இல்லை.

"ஏன்ப்பா தோத்த ராஜா," என்று கீழேயிருந்து கத்தினார் கான்ட்ராக்டர், "கப்பம் வாங்க நிக்கிறியா, பிச்சை கேக்க நிக்கிறியா? தலை மேல இரலி!"

மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேலி செய்யவில்லை. முந்தானையைப் பல்லில் கடித்திருந்தார்.

அப்போது டிராக்டர்காரர் வண்டியை ஒரு வெட்டு வெட்டி முன்னால் எடுத்தார். இவர் தடுமாறினார். விழாமலிருக்க என் முதுகில் இருந்த காலை அழுத்தி ஊன்றினார். உடம்பின் முழுப் பாரமும் என் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. நான் முனகியதை யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் கான்ட்ராக்டர் அதே நொடியில், "அதே! அதே! ஹாகே இரு!" என்று அப்படியே நிற்கச் சொல்லிக் கூவினார்.

நான் பக்கவாட்டில் தலையைத் திருப்பி மேலே பார்த்தேன். தலை நிமிர்ந்திருந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. கால் அழுந்தினால்தான் அவருக்குக் கழுத்து எழும் என்பதை அந்த ஷெட்டில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தோம். அவரும்தான். காலைத் தளர்த்திப் பார்த்தார், தலை தாழ்ந்தது. அழுத்தினார், எழுந்தது. இன்னொரு முறை செய்து பார்த்தார்.

ஊர்வலம் அன்று அரண்மனை வளாகத்தில் காலையிலிருந்தே வெயிலில் நின்றோம். மதியத்துக்கு மேல் வரிசை நகர்ந்தது. வெளியே வந்து சயாஜி ராவ் ரோட்டில் திரும்பியபோது இரண்டு பக்கமும் ஜனம், மாடிகளில் ஜனம், மரத்தில் ஜனம். நான் பார்த்தது அதையல்ல. எனக்குத் தெரிந்தது சிவப்பு விரிப்பும், அதில் சிந்திய பொன் தூளும், அவருடைய இன்னொரு காலின் விரல்களும் மட்டும். ஜெனரேட்டர் புகை மூக்கில் ஏறியது. வேகத்தடைகளில் பாரம் எழும்பி மறுபடி இறங்கியது. நான் மூட்டை தூக்கியவன், கனம் எனக்குப் புதிதில்லை. மூட்டைக்கு நம்மைத் தெரியாது. இந்தப் பாரத்துக்கு என்னைத் தெரியும். முதுகு எந்த இடத்தில் சோர்கிறதோ அந்த இடத்தைத் தேடி அது நகர்ந்தது.

பொறுத்துப் பார்த்தேன். முடியாமல் போனபோது, உதடு தெரியாமல் சொன்னேன், "ங்ணா, காலக் கொஞ்சம் தளத்துங்க."

கூட்டத்தின் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு முறை சொன்னேன். மேலேயிருந்து, தாடை அசையாமல், மெதுவாக வந்தது.

"நெளியாதடா."

நாய்க்குட்டியை 'வாங்க' என்று கூப்பிடுகிற வாய் அது. வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. அந்தக் குரலில் வெறுப்பு இல்லை, அவசரம்கூட இல்லை. பழகிய குரல். ரொம்ப வருஷமாக உள்ளே வைத்திருந்து இன்றைக்கு எடுத்த மாதிரி இருந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். ஒரு குழந்தை 'ராஜா, ராஜா' என்று கத்துவது கேட்டது. கால் இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

ஊர்வலம் முடிகிற பன்னிமண்டப மைதானம் போய்ச் சேர்ந்ததும், விழாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டை அவிழ்த்து அவரை இறக்கினார்கள். என்னை இரண்டு பேர் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. ஷெட்டுக்குத் திரும்பியதும் மனைவி நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுவந்தார். அதை வாங்கி இவரே என் முதுகில் தேய்த்தார். கிரீடத்தைக் கழற்றியிருந்தார். மீசையின் பசை ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. 'ங்க' திரும்பி வந்திருந்தது. வலித்திருக்குமே என்றார். வலித்தது என்று தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாமயிங்களா? இத்தன வருசம் நாந்தானுங்க அங்க இருந்தேன். எந்த எலும்பு தாங்கும்னு பாத்து அதுல மட்டுந்தான் மிதிச்சேனுங்க."

அவருடைய விரல்கள் சரியாக வலிக்கும் இடங்களுக்கே போயின. அத்தனை இதமாக என் முதுகை யாரும் தேய்த்துவிட்டதில்லை. அழுகை வந்தது. கூடவே எழுந்து ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது. தேய்த்து முடித்துக் கையைத் துடைக்கும்போது, தனக்குத்தானே சொல்கிற மாதிரி, மேலே நிற்கும்போது முழங்கால் வலிப்பதே இல்லை என்றார்.

முதல் பரிசு எங்கள் வண்டிக்கு. மறுநாள் ஷெட்டில் இனிப்புக் கொடுத்தார்கள். கான்ட்ராக்டரின் போன் ஓயவில்லை. போட்டோக்களில் இவருடைய முகம் எல்லோர் கையிலும் இருந்தது. தலை நிமிர்ந்து, கண் எங்கேயோ தூரத்தில். கீழே என் முதுகு மட்டும் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கான்ட்ராக்டர் ஒரு ஆளோடு வந்து மேற்கு மூலையில் டேப் பிடித்து அளந்தார். மெஷின் வைக்கக் கான்கிரீட் போட. மனைவி ஊதுவத்தித் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து நின்றார். மகள் காலேஜுக்குக் கிளம்பியவள் பையோடு வாசலில் நின்றுவிட்டாள். பரிசு வந்தால் அறையை விட்டுவிடுவதாகச் சொன்னதை மனைவி நினைவுபடுத்தினார். கான்ட்ராக்டர் சிரித்தார். பக்கத்து மனைக்காரன் வாடகை ஏற்றிக் கேட்கிறான், மெஷினோ வந்துவிட்டது, "நோடணம்மா, பாக்கலாம்" என்றார். சொல்லிக்கொண்டே டேப்பின் அடுத்த முனையைப் பிடிக்கச் சொன்னார்.

மனைவி இவரைப் பார்த்தார். என்ன செய்ய வேண்டும் என்று கண்ணாலேயே சொன்னார். இவர் விழுவார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கான்ட்ராக்டரும் நினைத்திருப்பார். காலை ஒரு எட்டு பின்னால் எடுத்து வைத்தார்.

இவர் விழவில்லை. தன் கால்களைக் குனிந்து பார்த்தார், கான்ட்ராக்டரின் கால்களைப் பார்த்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டு எட்டில் என் பக்கத்தில் வந்து, என் பிடரியில் கையை வைத்தார்.

"விழுடா."

தள்ளிவிட்டார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் தள்ளவில்லை. கை அங்கே இருந்தது, அவ்வளவுதான். என் முழங்கால்கள் மடிந்தன. கை ஊன்றியது. நெற்றி சிமெண்ட் தரையில் பட்டது. உயிரை மட்டும் கேட்கிறவனுடைய வகை. எனக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர் செய்து காட்டியதைப் பார்த்ததுதான்.

டேப் சுருண்டு திரும்பும் சத்தம் கேட்டது. "ஏய், இவன் எதுக்கு..." என்று ஆரம்பித்த கான்ட்ராக்டர் நிறுத்திவிட்டார். வாசலில் மகள் ஒரு முறை 'அப்பா' என்றாள், கூப்பிடுகிற குரலில் அல்ல. கான்ட்ராக்டரின் செருப்பு என் கண்ணெதிரே ஒரு முறை முன்னால் வந்து, பின்னால் போயிற்று. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெஷினைக் கிழக்குப் பக்கம் தள்ளிப் போட முடியுமா என்று கூட வந்த ஆளைக் கேட்டார். முடியும் என்றான் அவன். "சரிங்க, ஆயித்து. அறை இருக்கட்டுங்க," என்றார் கான்ட்ராக்டர். அவர் இவரிடம் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

அந்த மத்தியானமே நான் சாமராஜநகர் பஸ்ஸில் ஏறிவிட்டேன், மைசூருக்கு இன்றுவரை திரும்பவில்லை. ஆனால் என்னை இப்போதும் திடுக்கிட வைப்பது அவர் சொன்ன வார்த்தையும் இல்லை, நான் விழுந்ததும் இல்லை. கான்ட்ராக்டர் குனிந்து என் தோளைத் தொட்டு எழச் சொன்னார். நான் எழவில்லை. காரியம் முடிந்துவிட்டது, அறை கிடைத்துவிட்டது, எழலாம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் நெற்றியைத் தரையிலேயே வைத்துக்கொண்டு, பின்னால் நிற்கிற தோத்த ராஜா சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார்.